துறையில் சொல்லக்கூடாத பெயர்

க்வென்லியன் என்ற பெயரை ஜெனிஃபர் முதலில் கேட்டது மீன் உப்புப்போடும் கொட்டகையில். சரக்குக் கப்பலில் வேல்ஸுக்குப் போன தம்பி டிகரி, அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று தாய்மாமன் ஸாக்கி வந்து சொன்னார்.

"பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்கும் போலருக்கே" என்றாள் ஜெனிஃபர். அன்று பிடித்த பகை.

வந்தவள் பன்றி வளர்த்தாள். வளர்க்கட்டும், எங்கள் கார்ன்வாலில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் படகுத்துறையில் அதன் பெயரைச் சொன்னால் அன்றைக்குப் படகு போகாது. நீளமூக்கன் என்றுதான் சொல்லவேண்டும். மூன்று தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள் ஜெனிஃபர்.

டிகரி சொந்தப் படகு வாங்கிய முதல் வருஷம். சாளைக் கூட்டம் கரையோரம் வந்துவிட்டது. அதைத் தவறவிட்டால் ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். ஸாக்கியும் இன்னும் இரண்டு பேரும் ஏறி வலையை அடுக்கியாயிற்று. அப்போது மேட்டிலிருந்து க்வென்லியன் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"டிகரி! மோஹின் கொட்டிலை உடைச்சுட்டு ஓடிடுச்சு!"

ஸாக்கி கையிலிருந்த கயிற்றைப் போட்டார். வேல்ஸ் பேச்சுக்கு அக்கா தங்கை மாதிரியான எங்கள் பழைய கார்ன்வால் பேச்சு செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் அவர் பாட்டன் நாலைந்து மிருகங்களின் பெயரை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"நீளமூக்கனை எங்க பாட்டன் மோஹ்னுவான். நீ சொன்னதும் அதையேதான்" என்று இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"எங்க ஊர்ப் பேச்சுலதானே மாமா சொன்னேன்!"

"கடலுக்கு ரெண்டு பேச்சும் தெரியும்டி."

"வேணும்னே பண்ணியிருக்கா" என்றாள் ஜெனிஃபர். "எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேளு. அதை இன்னிக்கே வெட்டிப்போடு."

"வெட்டணும்னா உங்க நாக்கைத்தான் வெட்டணும் மதினி."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு க்வென்லியனே படகில் ஏறினாள். டிகரி இறங்கி வருவான் என்று ஜெனிஃபர் காத்திருந்தாள். அவன் அக்காளைப் பார்த்துக்கொண்டே துடுப்பால் படகைத் தள்ளினான்.

இரண்டு பேர் இழுக்கிற வலையா அது? பாதியை அறுத்துவிட்டு, மூன்று கூடை மீனோடு சாயங்காலம் வந்தார்கள். க்வென்லியன் கரைக்குக் கயிறு வீசினாள். யாரும் பிடிக்கவில்லை. ஜெனிஃபரின் காலடியில் விழுந்து, மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் போனது. அவள் குனியவில்லை.

"பார்த்துட்டேன் மதினி" என்றாள் க்வென்லியன்.

அந்த வாரமே இருவரும் படகோடு வேறு துறையான நியூலினுக்குக் குடிபோனார்கள். பல வருஷம் கழித்து டிகரி அங்கேயே செத்தான். சாவுக்கு வந்த ஜெனிஃபரை க்வென்லியன் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அந்தப் பகை இன்னும் தீராமல், கிழவியான க்வென்லியன் இப்போது நியூலினில், மூத்த மகன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள்.