கிணற்று மூடியும் ஏழரை வள்ளமும்

என் தம்பி பெண்சாதி பிரியவதனிக்கு விசர் பிடித்துவிட்டது என்று எங்கள் ஊர் மடத்துவெளியில் ஒருவரும் என் முன்னால் சொல்லிவிட முடியாது. இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள். இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார்கள். இந்தச் சறோவின் வாய் ஊருக்குத் தெரியும்.

தம்பி கட்டாரில் வேலை. வதனி என்னோடு இருந்துகொண்டு நயினாதீவு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பதினெட்டுப் பிள்ளைகள். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏழரை மணி வள்ளத்தைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் திறக்கலாம். திறப்பு, அந்த ஒரேயொரு சாவி, அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வளவில் நல்லதண்ணிக் கிணறு. சுற்றிவர எல்லாம் உவர் என்பதால் விடிய வெள்ளென அயலட்டைச் சனம் வந்து அள்ளும். அவர்கள் போனபின் இரும்பு மூடியைப் போட்டு ஆமைப்பூட்டால் பூட்டுவது வதனியின் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், பக்கத்து வீட்டு வாகீசனின் சின்னவள் கிணற்றுக் கட்டில் ஏறி எட்டிப் பார்த்தாள். வதனி ஓடிப்போய் இறக்கிவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வதனியின் தலைக்குள் ஒவ்வொரு நாளும் கிணற்றில் விழுந்துகொண்டே இருந்தாள்.

"மச்சாள், நான் பூட்டினனானோ?" இறங்குதுறைக்குப் போகையில் ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் இருந்தபடி கேட்பாள்.

"ஓம், பூட்டினனீர். நான் கண்டனான்."

சந்தி வருமுன் மறுபடியும். "வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஐயோ, பாத்தனான் எண்டுறன்!"

பிறகு அழுகை. திரும்பிப் போய்ப் பூட்டை ஏழு தரம் இழுத்துப் பார்ப்பாள். போனில் படமும் எடுத்து வைத்தாள். அது இன்றைய படமா, நேற்றையதா என்று அதிலும் சந்தேகம் வந்தது. என்ன கண்றாவி!

போன மாசியில் ஒருநாள் பாதி வழியிலிருந்து மூன்று தரம் திரும்பினோம். ஏழரை வள்ளம் போய்விட்டது. அடுத்ததில் அவள் போய்ச் சேர, பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மார் வேலைக்குப் போய்விட்டார்களாம். பூட்டிய படலைக்கு முன்னால் பதினாறு பேர் வெய்யிலில் நின்றார்கள். மற்ற இரண்டு பேரும் கடற்கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொருக்கால் பிந்தினால் வேறு ஆளைப் போடுவோம் என்று பெற்றோர் கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

அன்று வதனி அழவில்லை. "கிணத்தில விழாத பிள்ளைக்காக, என்னை நம்பி வந்த பிள்ளையளைக் கடற்கரையில விட்டிட்டன் மச்சாள். இது மாற வேணும். எங்கையெண்டாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

ஆஸ்பத்திரியில் மனநல டொக்டர் வயதில் ஒரு சின்னப் பிள்ளை. எல்லாம் கேட்டுக் குளிசை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவ ஒருக்காப் பூட்டட்டும். அதுக்குப் பிறகு கேட்டால் நீங்கள் மறுமொழி சொல்லக்கூடாது."

எனக்கு வந்ததே கோபம். "ஆறுதல் சொல்லுறது பிழையோ?"

"அந்த ஆறுதல் எவ்வளவு நேரம் நிக்குது?"

ஒரு சந்தி தாண்டுமட்டும்கூட நின்றதில்லை.

வதனி பிடிவாதக்காரி. ஏழு தரத்தை ஐந்தாக்கினாள். பிறகு இரண்டு, கடைசியில் பூட்டுவதோடு சரி. இரண்டு நாள் தோற்றுப்போய்த் திரும்பி ஓடினாள். மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து ஸ்கூட்டியில் ஏறினாள். சாப்பாடு இறங்காது. வழியில் கேட்கத்தான் செய்வாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனியில் ஒருநாள் தண்ணீர் அள்ள வந்த சனம் பிந்திவிட்டது. அரக்கப் பரக்க வெளிக்கிட்டோம். இறங்குதுறையில் வதனியின் முகம் வெளிறிப்போனது.

"மச்சாள், இண்டைக்குப் பூட்டினதே எனக்கு ஞாபகம் இல்லை. பூட்டினனானோ?"

எனக்கும் ஞாபகம் இல்லை. வள்ளக்காரன் கூப்பிட்டான்.

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ மச்சாள்!"

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள், "பயம் வந்தால் வரட்டும், நான் போறன்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறி, பாதுகாப்பு அங்கியை மாட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மட்டும் பெரிய திறமோ? ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு நேரே கிணற்றடிக்குத்தான் போனேன். பார்த்ததும் அவளுக்குப் போன் எடுத்தேன். வெட்டினாள். திரும்ப எடுத்தேன். திரும்பவும் வெட்டினாள்.

பத்து மணிக்கு அவளே எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"நீங்கள் போய்ப் பாத்திருப்பியள் எண்டு எனக்குத் தெரியும்."

"ஓம் வதனி, அது வந்து..."

"சொல்லாதேங்கோ மச்சாள். பதினெட்டுப் பேரும் வந்திட்டினம். வைக்கிறன்."

இன்றைக்கு நாலு மாதம். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூட்டியிருந்ததா என்று நீங்களும் கேட்காதீர்கள். அவளுக்கே சொல்லாததை உங்களுக்குச் சொல்வேனா?