ஈசல் வறுத்த வாசம்

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், மறதியும் உண்டு.

கோச்சடையில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஊர் சுற்ற வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மாடியில் தங்கியிருக்கிறாள். நேற்று சந்தையில் ஈசல் வாங்கி வந்து, வறுத்துத் தரச் சொல்லிச் சைகை காட்டினாள். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வறுத்தாள். அந்த வாசத்தில் என் மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

மழைக்கு மறுநாள் அம்மா ஈசலை இறகு போகப் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "ஏய், இவ பூச்சி திங்கிறாடி!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. அம்புட்டையும் பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டேன்.

வீட்டில் அம்மா, "வயிறு நெறஞ்சுச்சா தாயி?" என்றாள்.

"நெறஞ்சுச்சும்மா" என்றேன்.

அதன் பிறகு ஈசலைத் தொட்டதில்லை, பிள்ளைகளிடம் சொன்னதுமில்லை.

நேற்று வறுத்து முடித்ததும், "இதப் போயி யாரும்மா திம்பாங்க?" என்றாள் மகள்.

"நான் தின்னுருக்கேன். தட்ட இங்கிட்டுக் கொடு."

அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, கை நிறைய அள்ளித் தின்றேன். இனி மறைக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் நினைவில்லை. அன்று அம்மா தனக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தாளா, அம்புட்டையும் எனக்கே போட்டுவிட்டாளா? மேலூரில் இருக்கும் என் அக்காவுக்கு ஞாபகம் இருக்கும்; இதைப் படிக்கிற யாராவது அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.