ஒளித்து வைத்த வேகம்

கமலவேணி தையல் ஹாலுக்குள் கால் வைத்தால் போதும், நாற்பது மிஷின்காரிகளில் முதல் குரல் தாயாரம்மாளுடையதாக இருக்கும். "வந்துட்டாடி மூதேவி. அவ கண்ணுல கொள்ளிய வெக்க." அடுத்தவள் அதற்கு ஒத்து ஊதுவாள். மிஷின் இரைச்சலில் கேட்காது என்று நினைத்துச் சொல்கிற பேச்சில்லை, நன்றாகக் கேட்கட்டும் என்றே சொல்வார்கள். கமலவேணியும் லேசுப்பட்டவள் இல்லை. "வாயால தச்சா ஜோடி சேராது, கையப் போட்டுத் தைங்கடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு எவளாவது ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள்.

ஆம்பூரில் அந்தக் கம்பெனி ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு ஜோடி தைக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்து எழுதுவது கமலவேணியின் வேலை. அவள் எழுதுகிற கணக்கை வைத்துத்தான் ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தைக்க வேண்டும் என்பது முடிவாகும். அதற்கு டார்கெட் என்று பெயர். ஐம்பது ஜோடி. இப்படி ஒரு வேலை பார்க்கிறவளை யார்தான் கொஞ்சுவார்கள்?

அவளும் அதே ஹாலில் மூன்று வருஷம் தைத்தவள்தான். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பெண். கட்டினவன் பெங்களூர் போய் வருகிறேன் என்று போனவன், போனவன்தான். அப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பேச்சு வாங்குவதற்கு இது தேவலாம் என்று ஆம்பூருக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். பக்கத்து மிஷின் அமிர்தவள்ளி. எழுபத்தெட்டில், இவள் பதினொன்றாவது படித்தவள், கணக்கு வரும் என்று சூப்பர்வைசர் கங்காதரன் இவள் கையில் வாட்சைக் கொடுத்தான்.

முதல் நாள் அமிர்தவள்ளியின் பின்னால்தான் நின்றாள். ஏழரை நிமிஷத்தில் ஒரு ஜோடியை முடித்துத் தூக்கிப் போடுகிற கை அது. அன்றைக்கு ஒன்பதரை நிமிஷம் இழுத்தது. அடுத்த ஜோடியும் ஒன்பதரை. அதற்கடுத்ததும் அதே ஒன்பதரை. அடுத்தவளிடம் போனால் அங்கேயும் அப்படியே. உண்மையாகத் தைக்கிறவளுக்கு ஒரு தடவை நூல் அறும், ஒரு தடவை தோல் தடிமனாக வந்து ஊசி திணறும், ஒரு தடவை எல்லாம் கூடி வந்து சல்லென்று முடியும். நேரம் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். ஒரே மாதிரி வந்தால் அளந்து வைத்து இழுக்கிறாள் என்று அர்த்தம். கமலவேணிக்கு இது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

பிடிபட்டும் ஒன்பதரை என்றே எழுதினாள். பாசத்தினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கங்காதரன் என்கிற அந்த ஆள், பெண்களின் கழுத்தில் மூச்சு படுகிற மாதிரி குனிந்து நின்று வேலை சொல்கிறவன். அவனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒளித்து வைத்த நேரத்தில்தான் அவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்கள், கக்கூசுக்குப் போனார்கள், கைக்குழந்தைக்காரிகள் வாசல் கேட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார்கள். அது போனால் பெல் அடிக்கும்வரை சீட்டை விட்டு எழ முடியாது. மூன்று வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு வருஷமாக ஐம்பது ஐம்பதாகவே நின்றது. அவளுக்கு வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. திட்டும் வாங்கிக்கொண்டு, தன்னை ஏமாற்றிவிட்டதாக வேறு இவளுகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்களே, நான் என்ன அவ்வளவு கேனச்சியா என்று.

எண்பத்து நாலு ஜனவரியில் முதலாளி அப்துல் சமத்தின் இரண்டாவது மகன் ரஷீத் அஹமது அவளைக் கூப்பிட்டான். மெட்ராசில் படித்தவன், கார் ரேஸ் பைத்தியம். அடுத்த மாதம் சோழவரத்தில் ரேஸ். அதற்கு முன்னால் மூன்று டீம்கள் வேலூர் போகிற வழியில், விமானமே இறங்காத பழைய விமான மைதானத்தில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அவனுக்கு டைம் எடுக்கிற ஆள் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான்.

"நீங்க வாங்கம்மா. எவன் எவ்ளோ வேகம்னு தெரிஞ்சாதான் நாம வண்டியில இன்னா மாத்தணும்னு முடிவு பண்ணலாம்."

ஜீப்பில் ஏறும்போது ஹால் ஜன்னல் பூராவும் தலைகள். "மகாராணி போறாங்க, ஆரத்தி எடுங்கடி" என்றாள் தாயாரம்மாள். கமலவேணி திரும்பிப் பார்க்கவில்லை.

மைதானத்தில் தார் டிரம்களை நிறுத்தி வட்டப் பாதை போட்டிருந்தார்கள். தரையோடு தரையாக மூன்று கார்கள். ரஷீத்தின் மெக்கானிக் கோவிந்தராஜ் ஷெட் வாசலில் பீடியை வைத்துக்கொண்டு, கரும்பலகையில் நேரம் எழுத உட்கார்ந்திருந்தான். பீடி நாற்றம் தாங்காமல் கமலவேணி இடிந்த கட்டடத்தின் படிக்கட்டில் ஏறி நின்றாள். ஷெட்டிலிருந்து பார்த்தால் கட்டடம் மறைத்துப் பாதி வட்டம்தான் தெரியும். மேலிருந்து முழுசும் தெரிந்தது.

மெட்ராஸ் கார் ஒரே ஒரு சுற்று, ஒரு நிமிஷம் பதினாறு செகண்ட். உடனே ஷெட்டுக்குள் போய்ப் படுதாவை மூடிக்கொண்டது. ரஷீத்துக்கு ஒன்று பதினேழு, ஒன்று பத்தொன்பது, ஒன்று பதினெட்டு என்று ஏறி இறங்கி வந்தது. கோயமுத்தூர் கார் பதினோரு சுற்று, பதினொன்றும் ஒன்று இருபது.

"கோயமுத்தூர்க்காரன் காலி சார்" என்றான் கோவிந்தராஜ். "மெட்ராஸ்காரன மட்டும் பாத்துக்கினா போதும்."

கமலவேணி தாளைப் பார்த்தாள். பதினொன்றும் ஒரே மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கால், இடது கால் என்று தனித்தனியாக நேரம் எழுதிப் பழகின கை, வட்டத்தையும் இரண்டு பாதியாகத்தான் எழுதியிருந்தது. கண்ணுக்கு மறைந்த பாதியில் கோயமுத்தூர் கார் முப்பத்தாறு செகண்ட், ரஷீத் முப்பத்தொன்பது. எல்லாரும் பார்க்கிற பாதியில் கோயமுத்தூர்க்காரன் நாற்பத்து நாலு.

கீழே இறங்கி வந்து சொன்னாள். "சார், கோயமுத்தூர்க்காரன் ஏழு எட்டு செகண்ட் ஒளிச்சி வெச்சிருக்கான். கட்டடத்துக்குப் பின்னால பறக்கறான், நம்ம முன்னால வந்தா கால எடுத்துட்றான். மெட்ராஸ்காரன் வண்டியில சொம்புத் தண்ணி அளவுகூட பெட்ரோல் ஊத்தல, கனமில்லாம ஓட்டிட்டான், நான் பாத்தேன். மொத நாள் வேலைக்கு வந்த பொண்ணு மாதிரி, ஒரு ஜோடிய அடிச்சிக் காட்டிட்டு உக்காந்துட்டான். அவன நம்பாதீங்க."

கோவிந்தராஜ் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "தைக்கிற மிஷினும் ரேஸ் காரும் ஒண்ணாம்மா? போய்ச் செருப்பு எண்ணுமா."

அவ்வளவுதான், கமலவேணிக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "யோவ், நீ பலகையில எழுதறத மட்டும் பாக்கறே. வாட்ச்ச நீட்டினா எவனும் முழுசா ஓட மாட்டான்யா. முழுசா ஓடறவனுக்கு ஒரு சுத்து மாதிரி இன்னொரு சுத்து வராது. ஆறு வருஷமா நாப்பது பேரு என் முன்னால இதத்தான் பண்றாளுங்க. எனக்கா தெரியாது?"

சொல்லி முடித்த பிறகுதான் ஹாலையும் சேர்த்துச் சொல்லிவிட்டது உறைத்தது. ரஷீத் அஹமது அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது மாதனூர் தாண்டித்தான் மெதுவாகக் கேட்டான்.

"நம்ம ஹால்ல எவ்ளோ ஒளிச்சி வெச்சிருக்காங்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்."

"பேச்சுக்கா? சரி. ரேஸ் முடியட்டும், பாப்போம். கோயமுத்தூர்க்காரன் ஜெயிச்சா உங்க கண்ணு நெசம்."

அந்த ஒரு மாதம் கமலவேணிக்குச் சோறு இறங்கவில்லை. முன்பின் தெரியாத அந்தக் கோயமுத்தூர்க்காரனுக்குத் தினம் சாபம் விட்டாள். அவன் டயர் வெடிக்கட்டும், அவன் இன்ஜின் புகைந்து நடுவழியில் நிற்கட்டும், நான் சொன்னது பூராவும் பொய்யாகட்டும். தன் கண் தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஹாலில் வாட்சை எடுத்துக்கொண்டு நின்றால் எல்லாக் கையும் வழக்கம்போல ஒன்பதரைக்கு ஓடியது. கொஞ்சம் முன்னே பின்னே தையுங்கடி பாவிகளா என்று கத்த வேண்டும் போலிருந்தது. எப்படிச் சொல்வாள்?

கோயமுத்தூர்க்காரன் ஜெயித்தான். கண்ணுக்கெட்டாத தூரம் முன்னால் போய் ஜெயித்தான். மெட்ராஸ் கார் பாதியில் நின்றுவிட்டது. கமலவேணி பேச்சை நம்பி கியரை மாற்றிப் போட்ட ரஷீத் இரண்டாவதாக வந்தான். அதுவரை அவன் ஐந்தாவது இடத்துக்கு மேலே வந்ததில்லை.

அடுத்த வாரம் மூன்று நாள் ஸ்டோர் ரூமின் கம்பி வலைக்குப் பின்னால், விளக்கைப் போடாமல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது ஹாலில் யாருக்கும் தெரியாது. நாலாவது நாள் மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ரஷீத் அஹமது ஸ்வீட் பாக்ஸோடு உள்ளே வந்தான். பக்கத்தில் கங்காதரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"நான் கப் வாங்கினது கமலவேணியம்மாவாலதான்" என்றான் ரஷீத். மரியாதையாக, சந்தோஷமாகத்தான் சொன்னான். "வாட்ச்ச நீட்டினா யாரும் முழு வேகத்தக் காட்ட மாட்டாங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. நானே மூணு நாள் எண்ணிப் பாத்தேன். ஏழரை நிமிஷம். நாளையிலேர்ந்து டார்கெட் அறுபத்து நாலு."

ஸ்வீட்டை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அமிர்தவள்ளி வந்து நின்றாள். தலைமயிரைப் பிடிப்பாள் என்று நினைத்து கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வரட்டும், வாங்க வேண்டியதுதான்.

"ஏன் கமலவேணி, இப்டிப் பண்ணிட்டே?"

"நீங்க என்ன ஏமாத்திட்டதா நெனச்சிக்கினு இருந்தீங்கடி. எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் ஒம்பதரைன்னு எழுதினேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அமிர்தவள்ளி. "எம் பக்கத்துல மூணு வருஷம் தச்சவ. என் கை உனக்குத் தெரியாதுன்னு நான் நெனப்பனா?"

கமலவேணியின் கையில் குடம் நிறைந்து வழிந்தது.

"அப்பறம் ஏன்டி அப்டித் திட்னீங்க?"

"உங்கிட்ட சிரிச்சிப் பேசினா கங்காதரன் சும்மா இருப்பானா? நீ எங்களுக்குத் தோஸ்துன்னு தெரிஞ்சா அன்னிக்கே வாட்ச்ச வேற எவங்கிட்டயாவது குடுத்துருவான். தாயாரம்மாதான் நல்லா வக்கணையாத் திட்டுவா, நீயே ஆரம்பின்னு அவளுக்குச் சொல்லி வெச்சோம். நீயும் புரிஞ்சிக்கினுதான் திருப்பித் திட்றேன்னு நெனச்சோம்." அவள் குழாயை மூடினாள். "அதுவும் உனக்குத் தெரிலயா?"

மறுநாள் கமலவேணி ஹாலுக்குள் நுழைந்தபோது யாரும் தலையைத் தூக்கவில்லை. நாற்பது மிஷினும் ஒரே மூச்சாக ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் போய் நின்று, "இன்னாங்கடி, வாயத் தச்சிக்கினீங்களா?" என்று சத்தம் போட்டுப் பார்த்தாள். குனிந்த தலைகள் குனிந்தபடியே தைத்தன. இவளுகளில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, பழையபடி கண்ணில் கொள்ளியை வைக்க என்று சொல்லிவிட்டால் காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தது.

பதினொரு மணிக்குத் தாயாரம்மாள் சீட்டில் நெளிவதைப் பார்த்தாள். ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாறி மாறி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கமலவேணி கிட்டப் போய்க் குனிந்து, கங்காதரன் காதில் விழாமல், "போய்ட்டு வாடி, நான் எழுதிக்கறேன்" என்றாள்.

தாயாரம்மாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்லீங்க மேடம்" என்றாள். "பெல் அடிக்கட்டும்."