மாமியார் பெயரில் ஒரு கல்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் ஃபெர்ரியில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடை, நெற்றியில் திருநீறு. கைப்பேசியில் இரண்டு கறுப்புப் படங்களைக் கட்டைவிரலால் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

“இந்தப் புள்ளி மட்டும் நகருது பாருங்கண்ணே. நான் கண்டுபிடிச்ச சிறுகோள்,” என்றார். தொலைநோக்கிப் படங்களை இணையத்தில் அலசும் ஒரு குழுவில் இருந்தாராம். பல வருடங்கள் சரிபார்த்த பிறகு, பெயர் வைக்கச் சொல்லி இப்போதுதான் தகவல் வந்திருக்கிறது.

“பூமியில விழுமா?”

“இல்ல லா! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுலயே சுத்தும்.” குரலைத் தாழ்த்தினார். “மாமியார் தன் பேர வைக்கச் சொல்றாங்க. அது கரி மாதிரி கறுப்புண்ணே. வெளிச்சம் கூடிக் குறையறத வச்சு, உருளைக்கிழங்கு மாதிரி கோணலா இருக்கும்னு சொல்றாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

அவருக்கு அந்தப் பக்கம் கண்மூடிச் சாய்ந்திருந்த அம்மாள்தான் அந்த மாமியார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“கறுப்பா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “யார் மேலயும் விழாம தன் பாட்டுக்குச் சுத்துதுல்ல? என் பேரையே வை.”

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மூவரும் சிரித்துவிட்டோம்.

கரை வந்ததும் இருவரும் கைகோத்து இறங்கிப் போனார்கள். அந்த அம்மாளின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது ஏதாவது சிறுகோளுக்குத் தமிழ்ப் பெயர் என்று படித்தால், அவராக இருக்குமோ என்று நின்று யோசிக்கிறேன்.