தரை ஆடிய வீடு

மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்ததிலிருந்து, எழுந்து நின்றாலே எனக்குத் தரை இடப்பக்கமாகச் சரிகிறது. இன்று காலை சுவரைப் பற்றி நின்றபோது, நான் வளர்ந்த காசிமேட்டு வீட்டின் டீசல் வாடையும் ஈர வலையின் உப்பும் நாசியில் ஏறின.

அப்பா விசைப்படகில் போய்ப் பல நாள் கழித்துக் கரையேறுவார். அன்று முழுவதும் அவருக்குத் தரை ஆடும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அது நோயல்ல, வேடிக்கை. அம்மா சோற்றுத் தட்டை வேண்டுமென்றே நகர்த்தி, "புடி, புடி, ஓடுது பாரு" என்பாள். அவரும் சிரிப்பார்.

ஒருமுறை எஞ்சின் பழுதாகிப் படகு ஒரு மாதமாகக் கரையிலேயே கிடந்தது. ஒருநாள் காலையில் எழுந்த அப்பா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தரை ஆடுதுடி."

"கடலுக்கே போவல, அதுக்குள்ள இன்னாய்யா ஆட்டம்?" என்று அம்மா சிரித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காலையிலியே சரக்கு ஏத்திக்கினியா மாமு?" என்றார். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாலையில் அவருக்குப் பேச்சுக் குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அதன்பின் பல ஆண்டுகள் உயிரோடிருந்தார், படகேறவில்லை. தலையைத் திருப்பினால் குமட்டும் என்று ஒரே சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஆட்டம் நின்றதா என்று அம்மா தினமும் கேட்பாள். கடைசிவரை நிற்கவில்லை.

என் மகள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. என்னைக் கட்டிலில் மெதுவாகச் சாய்த்துவிட்டு, "எப்பம்மா சரியாவும்?" என்று கேட்கிறாள்.

"சீக்கிரம்" என்கிறேன்.