பச்சோந்திக்கு எடுத்த அரைநாள் லீவு

கல்யாணமாகிப் பல வருடம் நாங்கள் லீவு நாட்களில் மட்டும்தான் குடும்பம் நடத்தினோம். அவர் துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன், நான் நாகர்கோவிலில் நர்ஸ். அந்த நாட்டு நர்ஸ் பரீட்சை எழுதித் தேறி, ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் வேலை வாங்கி, இனி ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போகிறோம் என்ற நினைப்போடு வந்து கதவைத் திறந்தால், ஹாலில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

பச்சோந்தி. ஏமன் நாட்டு இனம், தலையில் கிரீடம் மாதிரி ஒரு மேடு. அவரோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் விசா முடிந்து ஊருக்குப் போகும்போது வலைக் கூண்டோடும் விளக்கோடும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு குத்துதே குடையுதேன்னானாம் என்பார்கள். விட்டுக்கொண்டது அவர். குத்தலும் குடைச்சலும் எனக்கு.

எனக்குப் பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்கப்போவதில்லை. ஒரு பல்லி ஜாதிக்கு நடந்த பணிவிடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும். கிண்ணத்தில் வைத்தால் மகாராணி குடிக்க மாட்டாள், இலையில் சொட்டும் துளியைத்தான் நக்குவாள். அதனால் விடிந்ததும் அவர் இலை இலையாகத் தண்ணீர் தெளிப்பார். சில்வண்டுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில், பஜ்ஜிக்கு வாழைக்காயைப் புரட்டுவது போலப் புரட்டி விடுவார். ஏசி காற்று பட்டால் அவளுக்கு உடம்பு வறண்டுவிடும் என்று ஹாலில் ஏசி கிடையாது. வெளியே நெருப்பு வெயில், உள்ளே நான் வேர்த்து வழிந்து சோறு தின்பேன். தண்ணீர் போதாவிட்டால் கண் குழிவிழும் என்று அவள் கண்ணைத் தினமும் உற்றுப் பார்ப்பார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வருகிற என் கண் குழியில் ஒரு படி அரிசி கொட்டலாம், அதை யார் பார்த்தார்கள்?

"பிள்ளே, வெள்ளம் குடிச்சியா?" என்று ஹாலிலிருந்து குரல் வரும். எங்கள் ஊரில் தண்ணீரை அப்படித்தான் சொல்வோம், பெண்டாட்டியையும் பிள்ளே என்றுதான் கூப்பிடுவோம். முதல் சில நாள், "குடிச்சேன்" என்று சமையலறையிலிருந்து பதில் சொல்லி ஏமாந்திருக்கிறேன்.

அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அவர் நின்றால் இளம் பச்சையாக இருப்பாள், நான் போனால் கருத்துப்போவாள். "பயந்தா அப்படித்தான் கேட்டியா, நேருக்கு நேர் முறைக்காத" என்பார். சக்களத்தியை வேறு எப்படிப் பார்ப்பது?

அந்தக் கோடையில் எனக்குக் கால் வலி தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உள்ளுக்குள் நோகும், மாடிப்படி ஏறினால் தொடை தள்ளாடும். ஒரு முறை அவரிடம் சொன்னேன். "டூட்டில நிக்குறல்லா, அதான்" என்றார். சொல்லும்போது அவர் கை சில்வண்டு டப்பாவில் இருந்தது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை. கேட்காதவரிடம் எத்தனை முறை சொல்வது?

அப்புறம் ஒரு நாள் அவளுடைய முன்னங்கால் ஒன்று லேசாக வளைந்திருந்தது. கிளையைப் பிடிக்கத் தடுமாறினாள். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது. மறுநாள் மதியமே லீவு போட்டு வந்து நின்றார். அட்டைப்பெட்டியில் அவளை வைத்து என் மடியில் கொடுத்தார். நானும் என் சக்களத்தியைச் சுமந்துகொண்டு மிருக டாக்டரிடம் போனேன்.

டாக்டர் எகிப்துக்காரர். என்ன தின்கிறது, எப்போது கடைசியாகத் தின்றது, எச்சம் எப்படி, எடை என்ன, எந்தக் கால் முதலில் வளைந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். இவர் வாத்தியார் முன்னால் நிற்கும் முதல் ராங்க் பையன் போல டக்டக்கென்று பதில் சொன்னார். யூவி விளக்கை எப்போது மாற்றினீர்கள் என்ற ஒரே கேள்விக்குத்தான், "அது நல்லாத்தான் எரியுது" என்றார். எரிந்தால் போதாது, அதிலிருந்து வரவேண்டிய கதிர் சில மாதங்களில் தீர்ந்துவிடும், வெளிச்சம் மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர். கூண்டை ஜன்னலோரம்தானே வைத்திருக்கிறோம், வெயில் கொட்டுகிறதே என்றேன். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாதாம். கதிர் இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து தின்றாலும் எலும்பில் ஒட்டாதாம். எரிகிற பல்பை எதற்கு மாற்ற வேண்டும் என்று நினைக்க ஓர் எலக்ட்ரீஷியனால்தான் முடியும். என் ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "லீவு எப்படித் தந்தான்? சூப்பர்வைசர்ட்ட என்ன சொன்னிய?"

"ஓந்தானுக்கு சுகமில்லன்னா எவன் லீவு தருவான்? ஒனக்கு சுகமில்லன்னு சொன்னேன்."

எனக்கு வந்த அழுகையிலும் கோபத்திலும் எது முந்தியது என்று தெரியவில்லை. மடியில் பெட்டியோடு கத்தினேன். "எனக்கு நெசமாவே சுகமில்ல. எனக்கும் எலும்புதான் நோவுது. நானும் இங்க வந்த நாள்லேருந்து கண்ணாடிக்கு உள்ளதான் கெடக்கேன். வீட்டுலயும் கண்ணாடி, பஸ்லயும் கண்ணாடி, டூட்டிலயும் கண்ணாடி. என் பேரைச் சொல்லி அதுக்கு லீவு எடுத்தியள்லா, எனக்கு எப்ப எடுப்பிய?"

பெட்டிக்குள் அவள் அசையவில்லை.

மறுநாள் எங்கள் கிளினிக்கிலேயே ரத்தம் கொடுத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் வைட்டமின் டி ஊசி போட்டுவிடும் எனக்கு அது தரைமட்டத்தில் இருந்தது. அவருடைய வார விடுமுறையன்று, கூப்பிடாமலே என்னோடு டாக்டரைப் பார்க்க வந்தார். டாக்டரம்மா மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நர்ஸுமாரு வலியைக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க சார், இது எப்போ ஆரம்பிச்சது? எந்தக் கால்ல முதல்ல?"

அவர் மெல்ல என் பக்கம் திரும்பி என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை, கண்ணை. நான் சொல்லிவிடுவேன் என்று டாக்டரம்மா காத்திருந்தார். பதில் எனக்குத் தெரியும், மாதம்கூடத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.