பனிக்காலத்தில் திறந்த ஜன்னல்

தோர்லி மாளிகையில் யார் செத்தாலும் ஜன்னலைத் திறப்பது தாமசின் பெல்லின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. மூச்சு நின்ற கையோடு ஜன்னலை அகலத் திறப்பாள், ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை ஒருமுறை சொல்வாள், மூடுவாள். உயிர் போக வழி வேண்டுமே! எஜமான் சர் லாம்பர்ட் தோர்லிக்கு இது அறவே பிடிக்காது. பார்லிமென்டில் எழுந்து நின்று பழைய கத்தோலிக்க மதத்து மூடப் பழக்கங்களையெல்லாம் கிழி கிழி என்று கிழிக்கிற மனிதர் அவர். ஆனாலும் வீட்டுச் செவிலி செய்வதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். அவருடைய ஒரே மகன் ஃபுல்க் அவள் பால் குடித்துப் பிழைத்தவன்.

அந்தப் பாலுக்கு உரிய குழந்தை வேறு. தாமசினின் புருஷன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டுகிறவன். பனிக்காலம் வந்ததும் குடிசையின் ஒரே ஜன்னலை வைக்கோல் திணித்து, மேலே தோல் போட்டு ஆணி அடித்துவிடுவான். அப்படி அடைத்துக் கிடந்த ஒரு நாளில்தான் அவள் பெண்குழந்தை செத்தது. ஜன்னலைப் பிடுங்கப் போனவளை, "குளிர் உள்ள வந்தா நாமளும் சாகணும், பைத்தியமா ஒனக்கு?" என்று புருஷன் பிடித்து இழுத்துவிட்டான். அடுத்த வாரமே மார்பில் பால் கட்டிய வலியோடு மாளிகைக்கு வந்து சேர்ந்தாள். புருஷனும் பிறகு சதுப்புக் காய்ச்சலில் போய்விட்டான். அவள் அந்தக் குடிசைப் பக்கம் திரும்பவே இல்லை. "எம் புள்ள இன்னும் அதுக்குள்ளதான் சுத்திக்கிட்டிருக்கு" என்று துணி வெளுக்கிற பெண்களிடம் ஒருமுறை சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

இருபது வருஷம் ஓடிற்று. ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த ஒரு விடியற்காலையில் சர் லாம்பர்ட் காய்ச்சலில் கண்ணை மூடினார். அறையில் இருந்தது மூன்று பேர்: மனைவி லெட்டிஸ் சீமாட்டி, மகன் ஃபுல்க், தாமசின். தாமசின் பழக்கதோஷத்தில் ஜன்னலை நோக்கிப் போனாள். சீமாட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத. மூடியே இருக்கட்டும்."

"அம்மா, ஐயா போயிட்டாரும்மா."

"போகல. இன்னும் நாலு வாரம், மெழுகுவர்த்தித் திருநாள் வரைக்கும் அவர் போகல. அன்னைக்குத்தான் ஃபுல்க்குக்கு இருபத்தொண்ணு நிறையுது. புரியுதா?"

புரியாமல் என்ன? தகப்பன் சாகும்போது வாரிசுக்கு இருபத்தொன்று நிறையவில்லை என்றால் நிலத்தோடு பையனும் அரசருக்குச் சொந்தம். அரசர் வைத்துக்கொண்டு என்ன செய்வார், விற்றுவிடுவார். வாங்கியவன் தோப்பை மொட்டையடிக்கலாம், குத்தகையை உறிஞ்சலாம், தன் வீட்டில் கரைசேராமல் கிடக்கிற பெண்ணைப் பையன் தலையில் கட்டலாம். மறுநாளே வயது நிறைந்தாலும் அரசர் விடுவிக்கும்வரை நிலம் திரும்பாது, காட்டின பெண்ணை மறுத்தால் சொத்தே கரைகிற அபராதம். ஆடு மாடு விற்கிறவனுக்காவது கொஞ்சம் வெட்கம் இருக்கும்.

அப்படி வாங்கப்பட்ட ஒரு பையனை இதே வீட்டில் தாமசின் குளிப்பாட்டியிருக்கிறாள். பக்கத்துப் பண்ணை வாரிசு, ஜைல்ஸ் கிராடக். ஏழு வயதில் தகப்பனைப் பறிகொடுத்தான். வாங்கியவர் வேறு யாருமில்லை, சர் லாம்பர்ட்தான். இந்த மாளிகைக் கூடத்தின் உத்தரங்கள் அத்தனையும் ஜைல்ஸின் தோப்பு ஓக் மரங்கள். பதினைந்து வயதில் அவனுக்குச் சர் லாம்பர்டின் தங்கை உர்சுலாவைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு முப்பது. எப்படியோ அந்தப் பையன் அவளிடம் ஒட்டிக்கொண்டான். அடுத்த பனிக்காலத்தில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். வீட்டில் ஒருவரும் அவனிடம் போய்ச் சொல்லவில்லை. முற்றத்துப் பனியில் நின்றுகொண்டிருந்தவன், மேலே ஜன்னல் திறப்பதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். வயது நிறைந்து தன் பண்ணைக்குப் போனபின், கடைசித் தேர்தலில் சர் லாம்பர்டை எதிர்த்தே நின்றான். தோற்றான். அன்றிலிருந்து கறுவிக்கொண்டிருந்தான்.

ஐயாவுக்கு ஒட்டுகிற காய்ச்சல் என்று வேலைக்காரர்களிடம் சொல்லி வைத்தார்கள். பெரிய அறைக்குள் தாமசினைத் தவிர யாரும் போகவில்லை. புகைபோக்கியில் புகை வரவேண்டும், அறையோ சூடாகக் கூடாது. அதனால் ஈர விறகாகப் பார்த்துப் போட்டு மூட்டினாள். கோழிச்சாறு மேலே போகும், காலிக் கிண்ணம் கீழே வரும். நடுவில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குடித்தவள் அவள். 'உயிரோட இருந்தப்ப ஒரு வாய் குடுக்காத மனுஷன், இப்ப தெனம் விருந்து வெக்கிறாரு' என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது.

ஜைல்ஸ் குதிரையில் வந்து வந்து விசாரித்தான். வாசலோடு அனுப்புவது தாமசின் பொறுப்பு.

"எப்படி இருக்காரு, தாமி?" சின்ன வயதில் கூப்பிட்ட பெயரையே சொன்னான்.

"தேவலாம் ஐயா. சாறு குடிச்சாரு."

"குடிக்கட்டும், குடிக்கட்டும். என் மரத்துல செஞ்ச கட்டில்தான அது, சொகமாத்தான் இருக்கும்." தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். "ஏன் இப்படிப் பொகையுது? இந்த வீட்டுல காஞ்ச வெறகுக்கா பஞ்சம்?"

"மழை நனைச்சிருச்சு."

"ஓகோ." அவளை மேலும் கீழும் பார்த்தான். "நோயாளிய பாத்துக்கிறவங்க எளைச்சுப் போவாங்க. நீ சதை போட்டிருக்க, தாமி."

அவன் போனபிறகும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஜைல்ஸின் விதவை அக்கா இரண்டு புருஷனைப் புதைத்தவள், நாற்பதைத் தாண்டியவள். ஃபுல்க்கை அரசரிடம் விலைக்கு வாங்கினால் ஜைல்ஸ் யாருக்குக் கட்டுவான் என்பதை ஊரே பேசிக்கொண்டிருந்தது.

பனி இறுகிற்று. பூனை அந்த அறை வாசலில் நின்று கத்திவிட்டு ஓடியது. காற்றே இல்லாதபோது தாழ்ப்பாள் ஆடியது. உள்ளே யாரோ சுவரோரமாகத் தடவித் தடவி நடப்பதுபோல இருந்தது அவளுக்கு. எலியாக இருக்கலாம். அவள் எலி என்று நினைக்கவில்லை. கண்ணை மூடினால் வைக்கோல் திணித்த அந்தக் குடிசை ஜன்னல்தான் வந்தது.

தாங்கமுடியாமல் ஃபுல்க்கிடம் கேட்டாள். "ராசா, ஒரு ஜெபம் சொல்ற நேரம். அப்பாவ வெளிய விட்ரலாமே?"

"ஊர்ல யாருக்குத் தெரியாது தாமி ஒன் ஜன்னல் வழக்கம்? திறந்தா சாவு மணி அடிச்ச மாதிரிதான்." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நாள் நெருங்கிருச்சு. அப்புறம் வீட்டு ஜன்னல் மொத்தத்தையும் நீயே தொற. எனக்காகப் பொறுத்துக்கோ."

"சரி ராசா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

திருநாளுக்கு முந்தின காலை அப்படி ஒரு மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. உள்ளே தாழ்ப்பாள் மறுபடி ஆடியது. இந்தப் பனியில் யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் ஜன்னலைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. ஜெபத்தைத் தொடங்கினாள். பாதி சொல்லும்போது காற்று ஒருமுறை வீசிப் பனி விலகிற்று. கீழே, முற்றத்துக்கு வெளியே, குதிரைமேல் ஜைல்ஸ் உட்கார்ந்திருந்தான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

மீதி ஜெபம் அவளுக்கு மறந்துபோயிற்று.

அரசரின் அதிகாரியை ஒரு வாரமாகத் தன் வீட்டில் விருந்துவைத்துக் காத்திருந்தானாம் பாவி. உச்சிவேளைக்குள் இருவரும் ஆட்களோடு வந்துவிட்டார்கள். அதிகாரி போர்வையை விலக்கினார், மூக்கைப் பொத்திக்கொண்டார், வேறு சாட்சி கேட்கவில்லை. லெட்டிஸ் சீமாட்டி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கூடத்தில், தன் மரங்களுக்குக் கீழே, ஜைல்ஸ் தாமசினிடம் வந்து நின்றான். அவன் குரலில் கேலி இல்லை.

"உர்சுலா போனப்ப இந்த வீட்டுல ஒருத்தரும் எனக்குச் சொல்லல. ஒன் ஜன்னல்தான் சொல்லுச்சு. இன்னைக்கும் நீதான் சொன்ன. நல்லா இருப்ப, தாமி."

பக்கத்தில் ஃபுல்க் நின்றுகொண்டிருந்தான். அதிகாரியோடு கிளம்பச் சவாரி அங்கி தோளில் இருந்தது.

"நீயா?" என்றான்.

"நான்தான் ராசா. அவரை உள்ளயே அடைச்சு வெக்க எனக்கு மனசு வரல."

"அவரையா?" ஃபுல்க் அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "இல்ல, ஒன் பொண்ணையா?"

அவன் அவள் கையைத் தொடாமல் படியிறங்கிக் குதிரை ஏறினான். ஜைல்ஸே அவனை விலைக்கு வாங்கினான். அடுத்த வாரம் தோர்லித் தோப்பில் கோடாலிச் சத்தம் தொடங்கியது. அறுவடைக்கு முன்னால் ஜைல்ஸின் அக்காவோடு கலியாணமும் முடிந்தது.

தாமசின் அதற்குப்பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். மாளிகையில் சாவு விழுந்தால் கூப்பிடுவார்கள், போகமாட்டாள். சாயங்காலத்தில், ஃபுல்க் போய்ச் சேர்ந்த கிராடக் மாளிகைக்குப் போகிற சாலையில் போய் நிற்பாள். குடிசைக்குள் ஒரு பிள்ளை, அந்த மாளிகைக்குள் ஒரு பிள்ளை. இருட்டிய பிறகு திரும்பி வருவாள்.